கூடத்தில் தைத்த படகு

எங்கள் ஊரில் கடல் கிடையாது. இதை எனக்கு எத்தனையோ பேர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பால்காரர் சொன்னார். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் சொன்னார்கள். கேஸ் போட வந்தவர் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, கூடத்தை எட்டிப் பார்த்து, நின்று நிதானமாகச் சொல்லிவிட்டுப் போனார். காஞ்சிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது புதுச் செய்தியா என்ன? படகு கட்டுகிறவள் நான், அது எங்கே மிதக்கும் என்கிற கவலையும் எனக்கே இருக்கட்டும் என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு மரத்தைத் தேய்க்கப் போய்விடுவேன்.

கூடம் என்று நான் சொல்வது எங்கள் வீட்டின் முன்பகுதியை. அப்பா தறி ஓட்டிய இடம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தறி சும்மா நின்றது. அண்ணன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறான். விடிந்தால் கம்பெனி பஸ், இருட்டினால் வீடு. அவனும் அண்ணியும் உள்கட்டிலும் மாடியிலும் இருக்கிறார்கள். புருஷன் வீட்டை விட்டுத் திரும்பி வந்த நாளிலிருந்து எனக்குக் கூடம்தான் எல்லாம். அங்கேதான் தையல் மெஷின், அங்கேதான் பாய். ரவிக்கை தைப்பேன், சேலைக்குக் குஞ்சம் கட்டுவேன். என் சாப்பாட்டுக்கு நான் யார் கையையும் பார்த்ததில்லை.

புருஷன் வீட்டிலிருந்து வந்துவிட்டவளுக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் தயாராக இருக்கும். வாழாவெட்டி. என் முகத்துக்கு நேராக அதை யாரும் சொன்னதில்லை. வளைகாப்புக்குப் போனால் வளையல் தட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் கையிலிருந்து என்னைத் தாண்டி அடுத்தவள் கைக்குப் போகும். அப்போது அந்தச் சொல் சத்தமில்லாமல் காதில் விழும். ஒருமுறை சத்தமாகவே விழுந்தது. அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்து அவள் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்றது, வாழாவெட்டியா வந்து கூடத்த அடச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்குது. கார நிறுத்த எடமில்ல."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ரவிக்கையின் கழுத்தை ஒரு விரல் அகலம் அதிகமாக வெட்டிவிட்டேன். அந்தக் கோபம் இன்றும் தீரவில்லை. தீர வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

கார் அண்ணன் புதிதாக வாங்கியது. கூடத்தின் முன்சுவரை இடித்து ஷட்டர் போட்டு, தறிக்குழியை மூடி டைல்ஸ் ஒட்டி, காரை உள்ளே விட வேண்டும் என்பது அவர்கள் திட்டம். தறிக்குழி என்றால் நெய்கிறவர் காலை விட்டுக்கொண்டு மிதிகட்டையை மிதிப்பதற்காகத் தரையில் தோண்டிய பள்ளம். நான் பின்கட்டில், சமையலறைக்குப் பக்கத்தில், அரிசி மூட்டை வைக்கிற இடத்துக்குப் போக வேண்டும். "உனக்குச் செய்ய வேண்டியதெல்லாம் கல்யாணத்தப்பவே செஞ்சாச்சில்லமா" என்றான் அண்ணன். சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் அண்ணனைக் கோர்ட்டில் நிறுத்த என்னால் ஆகாது. கூடத்தை விட்டுக் கொடுக்கவும் ஆகாது.

படகு ஆசை அதற்கு முன்பே வந்துவிட்டது. மகளிர் குழுவோடு ஒரு தடவை முட்டுக்காட்டுக்குப் போயிருந்தோம். எல்லோரும் மோட்டார் படகில் ஏறிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் கரையில் நின்று தூரத்தில் ஒரு சின்னப் பாய்மரப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று எங்கள் முதுகிலிருந்து அதன் முகத்துக்கு அடித்தது. எதிர்க்காற்றில், மோட்டார் இல்லாமல், அது எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. எப்படி என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நேராக வரவில்லை அது. இடப்பக்கம் போனது, திரும்பியது, வலப்பக்கம் போனது, திரும்பியது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டே வந்தது. தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடாவும் அப்படித்தான் இடமும் வலமுமாக ஓடும், துணி முன்னால் வளரும். சின்ன வயதிலிருந்து பார்த்த ஒன்று தண்ணீரில் ஓடுவதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இது என்னால் முடியும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

செல்போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். கடைசியில் எனக்கென்றே செய்தது போல ஒரு முறை கிடைத்தது. பிளைவுட்டை அளவாக வெட்டி, ஓரங்களில் துளை போட்டு, பலகையைப் பலகையோடு செப்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் பசையும் நார்த்துணியும் வைத்து ஒட்டிவிடுவது. ரவிக்கைக்கு முன்பாகம், பின்பாகம், கை என்று வெட்டுகிற மாதிரி படகுக்கும் பாகங்கள். ஆசாரி ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"மரத்த யாராச்சும் தைப்பாங்களாமா?"

"நான் தைப்பேங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பிளைவுட் வாலாஜாபாத்தில் ஒரு மரக்கடையில் கிடைத்தது. செப்புக் கம்பி, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில். உள்சட்டத்துக்கு நல்ல மரம் வேண்டும். நல்ல மரம் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அப்பாவின் தறியை நான்தான் பிரித்தேன். தேக்கு. ரம்பம் வைத்து அறுத்தேன். முதல் கால் அறுந்து விழுந்தபோது தெருவிலிருந்து இரண்டு பேர் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். "அப்பன் தறியவே வெட்டிட்டாளே" என்று அன்று சாயங்காலம் தெரு முழுக்கப் பேச்சு. வருத்தமாக இருக்கவில்லையா என்று கேட்டவர்கள் உண்டு. இல்லை. அப்பா அந்தத் தறியில் முதுகெலும்பு தேய்ந்து, கண் மங்கி, இருமி இருமிச் செத்தார். அதைப் பொட்டு வைத்துக் கும்பிட எனக்கு மனம் வரவில்லை. அறுத்த கட்டையின் வாசனை மட்டும் நன்றாக இருந்தது.

குழியை மூடத் துடித்தார்களே, அந்தக் குழிதான் எனக்கு வேலைக்கு வாகாக இருந்தது. இரண்டு கட்டைகளைக் குறுக்கே போட்டு அதன் மேல் படகை வைத்து, நான் குழிக்குள் இறங்கி நின்றுகொள்வேன். படகின் அடிப்பக்கம் சரியாக என் நெஞ்சுக்கு நேரே வரும். குனிய வேண்டாம், படுக்க வேண்டாம். வெளியிலிருந்து பார்த்தால் தரையிலிருந்து பாதி மனுஷி முளைத்து நிற்பது போலத் தெரியுமாம். கம்பியை முறுக்கி முறுக்கி விரல் நுனிகள் வெடித்தன. பசை காய்கிற வாடை உள்கட்டு வரைக்கும் போய் அண்ணிக்குத் தலைவலி வந்தது. அது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வாசல் வழியாக எப்படி வெளியே கொண்டு போவாய் என்று கேட்காத ஆளில்லை. அவர்கள் எல்லோரும் என்னை அளவெடுக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிட்டார்கள். பிழைப்பே அளவெடுப்பது. முதலில் வாசலை அளந்துவிட்டுத்தான் படகையே அளந்தேன். ஒருக்களித்துத் தூக்கினால் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டு கூடத்து வாசலில் நின்றான்.

"பாருங்கபா. இவ பண்ற வெட்டி வேலைய. கப்பல் உட்றாளாம் காஞ்சிவரத்துல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குழிக்குள் நின்றபடி, "ஓடினா இன்னா பண்ணுவே?" என்று கேட்டேன்.

சபையில் கேட்ட கேள்வி. அவனும் சபையிலேயே பதில் சொன்னான். "தை பொறக்கறதுக்குள்ள ஏரியில உட்டுக் காட்டு. இந்தக் கரையிலேர்ந்து கலங்கல் வரைக்கும் போயி, திரும்பி வந்து சேரணும். வந்துட்டன்னா கூடம் உன்னுது, நான் வாயே தொறக்க மாட்டேன். வழியில முழுவிச்சுன்னா குழிய மூடிடுவேன்."

கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிகிற இடம். எதிர்க்கரையில் இருக்கிறது. "எல்லாரும் கேட்டுக்குங்க" என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

மழைக்காலம் முடிந்து ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. படகுக்குப் பாய் மட்டும்தான் பாக்கி. கெட்டிப் பருத்தித் துணி வாங்கி மெஷினில் தைத்தேன். சவுக்குக் கம்பில் கட்டிப் பார்த்தால் துணி சோம்பேறி மாதிரி தொங்கியது. எனக்குப் பிடிக்கவில்லை. இழை தளர்ந்திருந்தால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள். கஞ்சி. பாவு போடுகிறவர்கள் காலையில் தெரு நெடுக இழையை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்துக் காய விடுவார்கள். நானும் சோறு வடித்த கஞ்சியைத் திரட்டிக் கெட்டியாகக் காய்ச்சி, விடிகாலையில் தெருவில் கழி நட்டு, பாயை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் தடவினேன். தெருவில் எதையாவது இழுத்துக் கட்டினால் அது பாவுதான், தாண்டக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் உடம்பில் ஊறியது. பைக்கில் வந்தவர்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். என்னைப் பார்த்துச் சிரித்த தெரு என் பாய்க்கு வழிவிட்டது. வெயிலில் காய்ந்ததும் அது மொடமொடவென்று அப்பளம் மாதிரி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்கழிக் கடைசியில் ஒரு விடுமுறை நாள். வண்டிக்காரர்களும் நானுமாகப் படகை ஒருக்களித்துத் தூக்கி வாசலைத் தாண்டினோம். கதவிலும் உரசவில்லை, சுவரிலும் உரசவில்லை. குட்டியானை வண்டியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனேன். பின்னாலேயே அண்ணனின் கார். அண்ணி, அந்த ஞாயிற்றுக்கிழமை டீ குடித்தவர்கள், தெருக்காரர்கள் என்று கரையில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. மீன் குத்தகைக்காரர் வந்து, "வடக்கால வல கட்டியிருக்குதுமா, அந்தாண்ட மட்டும் போவாத" என்றார். என்னை அன்று மனுஷியாக மதித்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். அண்ணன் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்தான். நான் முழுகுவதைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டாமா?

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. நீச்சல் தெரியும். புருஷன் ஊர் திருப்புட்குழிப் பக்கம், அங்கே ஒரு பெரிய கிணறு இருந்தது. அந்த வீட்டில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் நீச்சல் ஒன்றுதான். லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தேன். தண்ணீரில் செத்துவிடுவேன் என்று நான் பயப்படவில்லை. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பாய் விரிக்க வேண்டி வருமே என்றுதான் பயந்தேன்.

ஏறி உட்கார்ந்து தள்ளினேன். மிதந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. என் தையல் தாங்கியது. பாயை ஏற்றினேன். காற்று வந்தது, பாயின் மேல் மோதியது, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. பாய் என்றால் தொந்தி போட்டு வளைந்து கொடுக்க வேண்டும், அப்போதுதான் காற்றைப் பிடிக்கும். என் பாய் பலகையாக விறைத்து நின்றது. படகு போக மாட்டாமல் தத்தளித்தது. நான் கயிற்றை இழுத்துக் கட்டினேன். அடுத்து வந்த பெருங்காற்று அந்தப் பலகையில் மொத்தமாக ஓர் அறை விட்டது. படகு சாய்ந்தது, நான் தண்ணீருக்குள் இருந்தேன்.

மேலே வந்து பார்த்தால் பாய் தண்ணீரில் படுத்திருந்தது. அதைச் சுற்றிப் பால் கலந்தது போல வெள்ளையாகக் கஞ்சி கரைந்துகொண்டிருந்தது. அதைத் தின்ன மீன்கள் கூட்டமாக வந்துவிட்டன. என் காலையும் ஒன்றிரண்டு கொத்தின. கரையில் ஒரே சிரிப்பு.

"இன்னாம்மா, மீனுக்குக் கஞ்சி ஊத்த வந்தியா?" என்று அண்ணன் கத்தினான். "முழுவிடிச்சுபா. எல்லாரும் பாத்துக்குங்க."

"முழுவல" என்று நான் திருப்பிக் கத்தினேன். "மெதக்குது பாரு. படுத்துக்கினு மெதக்குது."

அது உண்மை. இருக்கைக்கு அடியில் மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன்களைக் கட்டி வைத்திருந்தேன். படகு பக்கவாட்டில் படுத்திருந்தாலும் அடியில் போகவில்லை. வீடியோவில் பார்த்தபடி, படகின் அடியில் நடுவாகத் துருத்திக்கொண்டிருந்த பலகையின் மேல் ஏறி நின்று மேல்விளிம்பைப் பிடித்து இழுத்தேன். முதல் தடவை வழுக்கி விழுந்தேன். மறுபடி ஏறினேன். நிமிர்ந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை இறைத்தேன். கரையிலிருந்து அண்ணி, "வந்துடுமா, போதும், ஊரே பாக்குது" என்றாள். ஊர் பார்க்கட்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

பாயை அவிழ்த்து ஏரித் தண்ணீரிலேயே அலசினேன். வீட்டுத் துணி அலசுகிற மாதிரி, முக்கி, கசக்கி, பிழிந்து, மறுபடி முக்கி. மீன்களுக்கு நல்ல விருந்து. கஞ்சி போனதும் துணி கையில் மெத்தென்று ஆகிவிட்டது. ஈரத்தோடு அப்படியே ஏற்றினேன். காற்று வந்தது. இந்தத் தடவை பாய் வயிற்றை நிரப்பிக்கொண்டு வளைந்தது. ஈர இழை நெருங்கிப் போய்க் காற்றை ஒழுகவே விடவில்லை. படகு கிளம்பியது. நான் ஒன்றும் செய்யவில்லை, சுக்கானைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கலங்கலுக்குப் போவது சுலபம். காற்றே தள்ளிக்கொண்டு போனது. கல்கட்டைக் கையால் தொட்டேன், எல்லோரும் பார்க்கட்டும் என்று இரண்டு தடவை தொட்டேன். திரும்பி நின்றால் காற்று முகத்தில் அறைந்தது. அந்தக் கரையில் பேசிக்கொள்வது தண்ணீர் மேல் தெளிவாக வந்தது. "போயிட்டா சரி, காத்துக்கு எதுக்க எப்படி வருவா? கயிறு கட்டித்தான் இழுக்கணும்."

நாடா எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

இடப்பக்கம் விட்டேன். கரை விலகிப் போவது போல இருந்தது. திருப்பினேன், பாய் படபடவென்று அடித்துக்கொண்டு மறுபக்கம் நிரம்பியது. வலப்பக்கம் விட்டேன். திருப்பினேன். கை எரிந்தது, முட்டி படகின் விளிம்பில் இடித்துத் தோல் உரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கரையில் நின்றவர்களின் முகங்கள் கொஞ்சம் பெரிதாயின. சிரிப்புச் சத்தம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. தனியாக இருந்தேன், நனைந்திருந்தேன், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. கத்தி அழுதேன். தூரத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது.

படகின் மூக்கு கரைச் சேற்றில் சொருகியபோது அண்ணன் செல்போனைப் பிடித்த கையை இறக்காமலே நின்றான். நான் இறங்கி அவன் முன்னால் போய் நின்றேன். "வந்துட்டேண்ணா" என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

அந்த வீடியோவை அவன் யாருக்கும் அனுப்பவில்லை. நான்தான் கேட்டு வாங்கினேன். கூடத்தில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். படம் ஆடுகிறது, நான் கடுகளவு தெரிகிறேன். ஆனால் அவன் குரல் பக்கத்தில், தெளிவாக இருக்கிறது. யாரிடமோ சொல்கிறான், என்ன சொல்கிறோம் என்பதே தெரியாமல்: "பாருபா... இப்படிக்கா வெட்றா, அப்படிக்கா வெட்றா. எதுர்க்காத்துல வெட்டி வெட்டியே வந்துக்கினு இருக்கிறாபா."

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கார் தெருவில்தான் நின்றது. விடிகாலையில் பாவு நீட்டுகிறவர்கள் வந்து கதவைத் தட்டி எடுக்கச் சொல்வார்கள், அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய் எடுப்பான். கூடத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் மிச்சமிருந்த நீலப் பெயிண்டை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கி, படகின் மூக்கில் பெயர் எழுதினேன். அண்ணி வாசலில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகம் மாறிவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து போனில் பேசியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இன்னாம்மா இது, 'வெட்டி'ன்னு எழுதியிருக்குற? வெறும் வெட்டியா?"

"ஆமா அண்ணி" என்றேன். "முன்னாடி இருந்தத வெட்டிட்டேன்."